ஈரிக் கால்வாயின் நீர்ப்பூட்டை மேசையில் ஓட்டிக் காட்டுவது எப்படி

தரம் 11 வரலாற்றில் கைத்தொழிற் புரட்சி வருகிறது. பாடசாலைக் கண்காட்சி என்றதும் ரெஜிபோமில் ஒரு புகைவண்டி வெட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து, மேசையில் நிறுத்திவிடுவார்கள். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் 1790க்கும் 1860க்கும் இடையில் அமெரிக்கா ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், அசையாமல் நிற்கும் அந்த வண்டியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் விட்டு, படகை ஏற்றி இறக்கி ஓட்டும் நீர்ப்பூட்டு ஒன்று இருந்தால் சொல்லலாம். அதன் பக்கத்தில் வைக்க ஒரு பருத்திக் கொட்டை நீக்கும் பொறி, ஒரு தந்திக் கருவி. பெரிய வேலை நீர்ப்பூட்டில்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.

நீர்ப்பூட்டை ஏன் முதலில் வைக்கவேண்டும்? பொறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கூலி பொருளின் விலையை விழுங்கிவிட்டால், அந்தப் பொறியை இரண்டாவது ஆள் வாங்கமாட்டான். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைத்தது ஈரிக் கால்வாய். அது வருமுன், ஏரிக்கரையில் உள்ள பஃபலோவிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஒரு தொன் சரக்கைத் தரைவழியே கொண்டுவர ஏறக்குறைய 100 டொலரும் 20 நாளும் ஆகின. கால்வாய் வந்தபின் 10 டொலர் அளவு, 8 நாள். ஒரு தொன் என்பது 50 கிலோ மூட்டை இருபது. மூட்டை ஒன்றுக்கு 5 டொலராக இருந்த கூலி அரை டொலருக்கு இறங்கியது. இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் மேசையின் நடுவில் எழுதிவையுங்கள். மற்ற எல்லா அட்டையும் இதற்குப் பிறகுதான்.

கால்வாயின் அளவுகள்: நீளம் 363 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து மாத்தறையையும் தாண்டும் தூரம். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி, ஆழம் வெறும் 4 அடி. 83 நீர்ப்பூட்டுகள். ஹட்சன் ஆற்றுக்கும் ஈரி ஏரிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 570 அடி. வெட்டத் தொடங்கியது 1817 யூலை 4, முழுதாகத் திறந்தது 1825 ஒக்ரோபர். நம் ஊர்த் திகதிகளை இதன் பக்கத்தில் வையுங்கள்: அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது 1816, வட்டுக்கோட்டைச் செமினரி 1823, உடுவில் பெண்கள் பாடசாலை 1824. பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் கட்டடங்களின் காலமும் அந்தக் கால்வாயின் காலமும் ஒன்றே என்று தெரிந்தால், பாடம் எங்கோ தூரத்தில் நிற்காது.

ஆறில்லாத குடாநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நீர்ப்பூட்டு என்றால் என்னவென்று சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்டைமானாற்றுத் தடுப்பணையில் கதவுகளைப் பார்த்திருப்பார்கள். அது உப்புநீரை மறிக்க ஒற்றை வரிசைக் கதவு. நீர்ப்பூட்டில் இரண்டு கதவுத்தொகுதிகள், நடுவில் ஓர் அறை. படகு கீழிருந்து அறைக்குள் வரும். கீழ்க்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரை உள்ளே விட, படகு தானாக உயரும். அறையின் மட்டமும் மேல்மட்டமும் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்து வெளியேறும். இயந்திரம் இல்லை, நெருப்பு இல்லை. தூக்கும் வேலை முழுவதும் தண்ணீரின் எடை செய்வது.

மொடலின் அளவு

1 அங்குலத்துக்கு 3 அடி என்று வையுங்கள். உண்மையான அறை 90 அடி நீளம், 15 அடி அகலம். அகலம் 5 அங்குலமாக வரும். நீளம் 30 அங்குலமாக வரும், அது மேசைக்கும் ஓட்டோவுக்கும் பெரிது. ஆகவே அகலத்தையும் உயரங்களையும் அளவுப்படி வைத்து, நீளத்தை மட்டும் 22 அங்குலமாகக் குறையுங்கள். குறைத்ததை அட்டையில் சொல்லிவிடுங்கள். அளவு மாற்றியதை மறைக்கும் மொடல் பிள்ளைக்குப் பிழையான படத்தைக் கொடுக்கும். 4 அடி ஆழம் மொடலில் 34 மி.மீ., ஒரு பூட்டில் படகு ஏறும் 8 அடி 68 மி.மீ.

தொட்டியை மரத்தில் செய்ய வேண்டாம். பலகை இரண்டாம் நாளே ஊதி, கதவு இறுகிவிடும். மீன்தொட்டி செய்யும் கடையில் 5 மி.மீ. கண்ணாடியில் வெட்டித் தரச் சொல்லுங்கள். மேல்முனை என்பது மேல்நீர்ப் பக்கத்து முனை, கீழ்முனை கீழ்நீர்ப் பக்கத்து முனை, படி மேல்நீர்ப் பகுதிக்கு உயர்ந்த தரை:

பக்கச் சுவர் 2: 48 × 6 அங்குலம்
அடித்தட்டு 1: 48 × 5 அங்குலம்
மேல்முனை 1: 5 அங்குல அகலம், 102 மி.மீ. உயரம்
கீழ்முனை 1: 5 அங்குல அகலம், 34 மி.மீ. உயரம்
படியின் மேல்தட்டு 1: 12¾ × 5 அங்குலம்
படியின் முன்தட்டு 1: 5 × 2½ அங்குலம்
படிக்குத் தாங்கு 2: 12 × 2½ அங்குலம்

பக்கச் சுவர்கள் அடித்தட்டின் இரு பக்கமும் நிற்கும். முனைகள் அடித்தட்டின்மேல் நிற்கும். உள்ளே பொருந்தும் துண்டுகள் எல்லாவற்றிலும் அகலத்தில் 2 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். சிலிக்கனுக்கு இடம் வேண்டும். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லவும் மறக்கவேண்டாம், சின்னப் பிள்ளைகள் கை வைப்பார்கள்.

இரு முனைகளும் சுவரைவிடப் பதிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேல்முனையில் 102 மி.மீ. தாண்டினால் தண்ணீர் வெளியே வழியும், கீழ்முனையில் 34 மி.மீ. தாண்டினால் வழியும். இரண்டு மட்டங்களும் தாமாகவே நிலைத்து நிற்கும், ஒருவர் குந்தியிருந்து தண்ணீரைப் பார்க்கத் தேவையில்லை. உண்மையான கால்வாய்களிலும் மேலதிக நீருக்கு இப்படி வழிவாய்கள் வைத்தார்கள்.

ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்குப் பாவிக்கும் சிலிக்கன். பூஞ்சண எதிர்ப்பு என்று போட்ட குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். ஒட்டுமுன் விளிம்புகளை ஸ்பிரிற்றால் துடையுங்கள். படியை மேல்முனைப் பக்கம் வைத்து, முன்தட்டின் நான்கு ஓரமும் சிலிக்கன் ஓடவேண்டும். இங்கே ஓர் ஊசித்துவாரம் இருந்தாலும் தண்ணீர் படிக்குள் புகுந்து அங்கேயே நின்று நாறும். இரண்டு நாள் காயவிட்டு, கதவு பொருத்தமுன் தொட்டியைத் தனியாக நிரப்பிப் பார்த்துவிடுங்கள்.

கதவுகள்

மொடல் பிழைப்பதும் பிழைபடுவதும் இங்கேதான். நீர்ப்பூட்டின் கதவு இரட்டைக் கதவு. இரண்டு இலையும் நேர்கோட்டில் சந்திக்காமல், மேல்நீர்ப் பக்கம் நீட்டிய ஒரு கூம்பாகச் சந்திக்கும். தண்ணீர் தள்ளத் தள்ள இரண்டு இலையும் ஒன்றையொன்று நெருக்கி இன்னும் இறுகும். பூட்டுமில்லை, தாழ்ப்பாளுமில்லை.

5 மி.மீ. பேர்ஸ்பெக்ஸ் எடுங்கள். முதலில் 10 மி.மீ. தடிப்புள்ள தூண்களை, கதவு வரும் நான்கு இடத்திலும் கண்ணாடிச் சுவரோடு சிலிக்கனால் ஒட்டுங்கள்: மேல்கதவுத் தூண் படியின் விளிம்பிலிருந்து 1 அங்குலம் உள்ளே, கீழ்க்கதவுத் தூண் மேல்முனையிலிருந்து 35 அங்குலத்தில். தூண் 10 மி.மீ. இருப்பதால், திறந்த இலை அதன் பின்னால் சுவரோடு ஒதுங்கி நிற்கும். படகு அதில் முட்டாது. தூண்களுக்கிடையே 107 மி.மீ. வரும். இலை ஒவ்வொன்றும் 58 மி.மீ. அகலம், சந்திக்கும் ஓரம் 22 பாகை சரிவில். 1 மி.மீ. கூட்டியே வெட்டிப் பிறகு சான்ட் பேப்பரால் தேய்த்துச் சரிப்படுத்துங்கள். குறைத்து வெட்டினால் புதிதாகத்தான் வெட்டவேண்டும்.

உயரத்தில் பலர் தவறுவார்கள். இரண்டு கதவும் ஒரே உயரம் அல்ல. மேல்கதவு படியின்மேல் நிற்பது, 55 மி.மீ. போதும். கீழ்க்கதவு தரையிலிருந்து மேல்மட்டம்வரை மறிக்கவேண்டும், 120 மி.மீ. வேண்டும். மேலே சிறியது, கீழே பெரியது: இதைப் பார்த்தே பிள்ளைகள் எந்தக் கதவில் அழுத்தம் கூட என்று சொல்லிவிடுவார்கள்.

சுழல்வதற்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பியை இலையின் தூணோரத்தில் மேலும் கீழும் செருகி, கீழ்முனையைத் தரையில் ஒட்டிய சிறு பேர்ஸ்பெக்ஸ் துண்டின் துளையிலும், மேல்முனையைத் தூணின் தலையில் ஒட்டிய துண்டின் துளையிலும் நிறுத்துங்கள். நீரை மறிக்கப் பழைய சைக்கிள் ரியூபில் 20 மி.மீ. அகலத்தில் கீலம் வெட்டி, தூணையும் இலையையும் மூடும்படி மேல்நீர்ப் பக்கத்தில் சுப்பர் குளூ வைத்து ஒட்டவேண்டும். மறுபக்கத்தில் ஒட்டினால் தண்ணீர் அதை உரித்துவிடும். சந்திக்கும் ஓரத்தில் ஓர் இலைக்கு மட்டும் மெல்லிய ரியூப் கீலம். கதவின் அடியில், கீழ்நீர்ப் பக்கமாக, 6 மி.மீ. உயரத்தில் கூம்பு வடிவில் ஒரு வாசற்படி ஒட்டுங்கள். சாத்திய இலைகள் அதில் சாய்ந்து நிற்கும். இது இல்லாவிட்டால் இலைகள் கூம்பைத் தாண்டிப் புரண்டு, தண்ணீர் முழுவதும் ஒரே வீச்சில் போய்விடும்.

தண்ணீரை உள்ளே விட ஒவ்வொரு இலையிலும் அடிப்பக்கமாக 12 மி.மீ. துளை ஒன்று. மேல்நீர்ப் பக்கத்தில் அதை மூடும் சிறு பேர்ஸ்பெக்ஸ் மூடி, உட்புறம் ரியூப் றப்பர், மேலே இழுக்க ஒரு கம்பி. உண்மையான பூட்டிலும் கதவுக்குள் சிறு மடைகள்தான் இருந்தன. இரண்டு துளையும் திறந்தால் அறை ஒன்றரை நிமிடம் அளவில் நிரம்பும். துளையைப் பெரிதாக்கி வேகமாக்கவேண்டாம். மேலிருந்து பாயும் நீர் படகின் முன்பக்கத்தில் விழுந்து மூழ்கடிக்கும். படகைக் கீழ்க்கதவுப் பக்கமாக, ஆனால் அந்த இலைகள் திரும்பும் இடத்துக்கு வெளியே, நூலால் கட்டிவையுங்கள்.

படகு 8 அங்குல நீளம், 3½ அங்குல அகலம், பெட்டி வடிவம். சரக்கோடு மொத்த எடை 350 கிராம் என்றால் 20 மி.மீ. அளவு தாழும்; 34 மி.மீ. ஆழத்தில் மேல்படியில் தட்டாமல் போகும். பிள்ளைகள் இன்னும் மணல் மூட்டை ஏற்றப் பார்ப்பார்கள், ஏற்றவிடுங்கள். படகு தரைதட்டி நிற்கும்போது, 4 அடி ஆழம் ஏன் சில வருடங்களிலேயே போதாமல் போய் 1836இலிருந்து 7 அடிக்கு ஆழமாக்கினார்கள் என்பது விளங்கும்.

தண்ணீர்க் கணக்கு

அறை ஒருமுறை நிரம்ப ஏறக்குறைய 5 லீற்றர் போகும். மேல்நீர்ப் பகுதியில் இருப்பதோ ஒன்றரை லீற்றர்கூட இல்லை. ஆகவே 20 லீற்றர் வாளி ஒன்றைக் குழாயோடு ஒரு ஸ்ரூலில் ஏற்றி, மேல்முனைக்குள் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் விழவிடுங்கள். நான்கு தடவை ஓட்டலாம். இரண்டு முனையின் கீழும் ஒவ்வொரு பேசின். கீழ்ப் பேசினில் மீன்தொட்டிப் பம்ப் போட்டு வாளிக்குத் திருப்பி ஏற்றுங்கள். பம்பின் வயரை ஒரு தடவை கீழே தொங்கவிட்டு மேலே எடுத்துப் பிளக்கில் கொடுங்கள். வயர்வழி வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

ஒருமுறை வேண்டுமென்றே வாளிக் குழாயைப் பூட்டிவிட்டு ஓட்டிக் காட்டுங்கள். மேல்மட்டம் வற்றும், அறை பாதியில் நிற்கும். கால்வாய் வெட்டியவர்களின் பெரிய கவலை இதுதான். 90 × 15 × 8 அடி அறை ஒன்று நிரம்ப 3 இலட்சம் லீற்றருக்குமேல் வேண்டும். 10,000 லீற்றர் பவுசரில் முப்பது. ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவு நீர் மேலிருந்து கீழே இறங்கிப் போய்விடும். ஏரியும் ஆறும் மேட்டில் இருந்த படியால்தான் அந்தக் கால்வாய் நடந்தது. கிணற்றை நம்பி வாழும் நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஓட்டும்போது வரும் கோளாறுகள் அதிகமில்லை. கதவு திறக்கவில்லை என்றால் இரு பக்க மட்டமும் இன்னும் ஒன்றாகவில்லை. பலாத்காரமாகத் தள்ளினால் பித்தளைக் கம்பி பிடுங்கும், மடையைத் திறந்து பொறுத்திருங்கள். கதவு தானாகத் திறந்துகொண்டால் கூம்பு கீழ்நீர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது, கழற்றி மாற்றவேண்டியதுதான். கசிவு எப்போதும் கொஞ்சம் இருக்கும். எல்லாம் சாத்திய நிலையில் நிமிடத்துக்கு 5 மி.மீ.க்குள் இறங்கினால் போதும். உண்மையான மரக்கதவுகளும் கசிந்தவைதான். அதைவிடக் கூட என்றால் சந்திக்கும் ஓரத்தின் சரிவைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு சின்னப் பரிசோதனையைப் பக்கத்தில் வைக்கலாம். இரண்டு தீப்பெட்டிக்குள், ஒன்றில் சுண்ணாம்பு 1 பங்கு மணல் 3 பங்கு, மற்றதில் சீமெந்து 1 பங்கு மணல் 3 பங்கு குழைத்து வார்த்து, மறுநாள் இரண்டையும் தண்ணீர்க் கிளாசில் போடுங்கள். சுண்ணாம்புக் கட்டி கரைந்து உதிரும், சீமெந்து நிற்கும். சுண்ணாம்புச் சாந்தில் வீடு கட்டிய ஊர் நம்முடையது, காற்றில் அது வருடக்கணக்காக நிற்கும், தண்ணீருக்குள் இறுகாது. ஈரிக் கால்வாயிலும் இதே சிக்கல் வந்தது. கன்வஸ் வைற் என்ற இளம் பொறியியலாளர் இங்கிலாந்துக் கால்வாய்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1818இல் நியூயோர்க் மாநிலத்திலேயே, நீருக்குள் இறுகும் சீமெந்துக்கான கல்லைக் கண்டுபிடித்தார். அந்தச் சாந்து கிடைத்திருக்காவிட்டால் 83 பூட்டுகளின் கற்சுவர்களும் கசிந்தே போயிருக்கும். பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காத கண்டுபிடிப்பு இது; புகைவண்டிக்குச் சமமான இடத்தை மேசையில் இதற்குக் கொடுங்கள்.

பருத்திக் கொட்டை நீக்கும் பொறி

இலவம் பஞ்சில் இதைக் காட்டமுடியாது, அதன் கொட்டை தட்டினாலே விழுந்துவிடும். கொட்டையோடு இறுக ஒட்டியிருக்கும் பருத்தி வேண்டும்; வீட்டு வளவில் விளக்குத் திரிக்கு வளர்த்த செடி இருந்தால் காய்ந்த காய் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். 2 அங்குல விட்டம், 6 அங்குல நீளமுள்ள மர உருளையில் 12 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாகக் கம்பிப் பல் அடித்து, சுழலும் திசைக்குச் சற்று வளையுங்கள். தகரத் தட்டொன்றில் அந்த வரிசைகளுக்கு நேரே 3 மி.மீ. கீற்றுகள். பல் கீற்றுக்குள்ளால் பஞ்சை இழுக்கும், கொட்டை இந்தப் பக்கம் நின்றுவிடும். பின்னால் ஒரு பிரஷ் உருளை, எதிர்த்திசையில், மூன்று மடங்கு வேகத்தில். இரண்டுக்கும் இடையே றப்பர் வாரைக் குறுக்காகப் போட்டால் திசை தானாக மாறும். பிரஷ் மெதுவாகச் சுழன்றால் பஞ்சு பல்லிலேயே சுற்றிக்கொண்டு பொறி நின்றுவிடும். கீற்று 4 மி.மீ. தாண்டினால் கொட்டையும் உள்ளே போய் நசுங்கும்.

ஏலை விற்னி 1793இல் செய்து 1794இல் காப்புரிமை பெற்ற பொறி இது. கையால் ஓர் ஆள் நாளுக்கு ஓர் இறாத்தல் பஞ்சு எடுத்த இடத்தில், இதனால் 50 இறாத்தல் எடுக்கலாம் என்றார்கள். இந்த அட்டைக்குக் கீழேயே, அதே எழுத்தளவில் இன்னொன்றும் எழுதவேண்டும்: அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் 1790இல் ஏறக்குறைய 7 இலட்சம், 1860இல் ஏறக்குறைய 40 இலட்சம். கொட்டை நீக்கும் வேலை சுலபமானதும், பருத்தி நடவும் பறிக்கவும் இன்னும் ஆள் வேண்டியதாயிற்று. அந்த ஆட்களைச் சாட்டையால்தான் வேலை வாங்கினார்கள். மசாசூசெற்ஸ் மாநிலத்து லோவல் நகர ஆலைகள் மெரிமாக் ஆற்றின் 32 அடி நீர்வீழ்ச்சியில் நெய்த துணியில் இந்தப் பருத்தியும் இருந்தது. இதை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் புகழ்ந்து வைக்கும் மேசை பிள்ளைக்குப் பாதி வரலாற்றைத்தான் கொடுக்கும்.

தந்தி

6 மி.மீ. இரும்பு போல்ற், அதில் 0.3 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி 400 சுற்று, இரண்டு பெரிய பற்றரி, ரின் தகரத்தில் ஒரு நாக்கு, தட்டுவதற்கு இன்னொரு தகரத் துண்டு. சத்தம் வரவில்லை என்றால் கம்பி முனையின் எனாமலைச் சுரண்டவில்லை. நாக்கு போல்ற்றோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால் போல்ற்றின் தலையில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டுங்கள். விரலை அழுத்தியபடியே வைத்திருக்கவேண்டாம், பற்றரி சூடாகி இறங்கிவிடும். அமெரிக்கத் தந்தியை உருவாக்கிய மோர்ஸ் 1844 மே 24இல் வொஷிங்ரனிலிருந்து போல்ரிமோருக்குச் செய்தி அனுப்பிய தூரம் 40 மைல் அளவு, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிவரை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டி விடத் தந்தி கைகொடுத்தது என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

புகைவண்டி மொடல் ஏற்கெனவே இருந்தால் அதையும் வையுங்கள், ஆனால் வரிசையில் கடைசியாக. 1840இல் அமெரிக்காவில் தண்டவாளம் 2,800 மைல் அளவு, 1860இல் 30,000 மைல் அளவு. குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து மாதக்கணக்காக மூடிக்கிடக்கும், வண்டி ஓடும்; தண்ணீர் இல்லாத மேட்டுக்கும் தண்டவாளம் போகும். நமது யாழ்ப்பாணப் புகைவண்டிப் பாதை 1905இல் கொழும்போடு இணைந்தது என்ற வரியும் அதே அட்டையில் வரட்டும்.

கண்காட்சி முடிந்த அன்றே தண்ணீரை இறக்குங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, ஓரிரவு விட்டாலே கண்ணாடியில் வெள்ளைப் படை பிடிக்கும். தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவினால் போகும். பேர்ஸ்பெக்ஸில் தும்பு போட்டு உரஞ்சவேண்டாம், கீறும். கதவுகளைத் திறந்த நிலையில் வைத்து, ரியூப் கீலங்களில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, தொட்டியை நிழலில் வையுங்கள். சாத்தி வைத்தால் அடுத்த வருடம் றப்பர் ஒட்டிக்கொண்டு இலையோடு கிழியும்.